வலிக்குப் பேரம் பேசாதே மக்கா

மக்கா,

வாட்ஸாப்பில் நான் பேசி அனுப்பினால் நீ அதை ரெண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாய் என்று உன் பெண்டாட்டி சொல்லிவிட்டாள். அப்பனின் குரல் அணில் கத்துவது மாதிரி இருக்குமாம், ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்களாம். சரி, இப்போது சிரி பார்ப்போம். தமிழில் எழுதுகிறேன். நீ பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவன், தமிழை பஸ் போர்டு படிக்கிற மாதிரி எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாய். ஒரு வரியைக்கூட உன்னால் தாண்டி ஓட முடியாது. நானும் அஞ்சாம் வகுப்போடு நின்றவன்தான், மிளகாய்ச் சாக்கின் மேல் பேர் எழுதிப் பழகிய கை. எழுதுகிறவனுக்கும் கஷ்டம், படிக்கிறவனுக்கும் கஷ்டம். அப்பனுக்கும் மகனுக்கும் சமமாய்ப் போயிற்று.

இன்னொரு விஷயம். நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு மூத்த வியாபாரி என்று என்னிடம் ஏதாவது எழுதித் தரச் சொல்லி நச்சரிக்கிறார்கள். இந்தக் கடிதத்தைத்தான் கொடுக்கப் போகிறேன். நம் மிளகாய்க்கடை இருக்கிற சாலைக் கடைத்தெரு முழுக்கப் படிக்கும். ஊசிக்குப் பயந்து பெங்களூருக்கு ஓடினவன் பேரை நான் எங்கேயும் போடவில்லை, பயப்படாதே. ஆனால் எனக்கு ஒரே மகன்தான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

என் இடுப்பு ஆபரேஷனுக்கு வந்துவிட்டு நீ கிளம்பிப் போனதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் வலது தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது. பேட்மின்டன் விளையாடி விழுந்தாயாம், அதையும் நீ சொல்லவில்லை, உன் பெண்டாட்டிதான் சொன்னாள். ஆபரேஷன் செய்து தைக்க வேண்டும், தள்ளிப் போட்டால் கிழிசல் பெரிதாகி அப்புறம் தைக்கவே முடியாமல் போகலாம் என்று அங்கே டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ ஆபீஸ் வேலை முடியட்டும், மழை முடியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாய். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்னடா பரீட்சை? நேரடியாகவே கேட்டேன் அவளிடம். அவள் சொன்னாள்: "அந்தக் காலத்துல ஆஸ்பத்திரியில நீங்க கத்தின சத்தம் இன்னும் அவருக்குக் காதுல கேக்குதாம், மாமா."

எனக்கு அது புரிய ரெண்டு நாள் ஆயிற்று. நீ அப்போது ரெண்டாம் வகுப்பு. மூட்டை தூக்கித் தூக்கி எனக்குக் குடலிறக்கம் வந்து ஆபரேஷன் செய்தார்கள். அந்த நாளில் வலிக்கு என்று ஒரே ஒரு ஊசிதான் எனக்குத் தெரியும். அதுவும் தாங்க முடியாமல் கத்தினால்தான் வரும். கத்தாதவனுக்கு வலியில்லை என்று அர்த்தம். ஊசி போட்டால் கொஞ்ச நேரம் கிறங்கிக் கிடப்போம், அது இறங்கியதும் மறுபடியும் கத்துவோம், மறுபடியும் ஊசி வர நேரமாகும். வார்டு முழுக்க ஆள் மாற்றி ஆள் கத்திக்கொண்டிருப்பான். நீ வெளியே வராந்தாவில் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் அம்மை வாங்கிக் கொடுத்த பன்னை நீ தின்னவே இல்லை என்று அவள் பின்னால் சொன்னாள். நான் கத்தினது பொய்யில்லை மக்கா. ஆனால் வீட்டுக்கு வந்த அன்றே நான் அதை மறந்துவிட்டு மீன்கறி கேட்டேன். மறக்காதவன் நீதான். என் சத்தத்தை நான் இறக்கி வைத்துவிட்டேன், நீ அதை எடுத்துக்கொண்டு பெங்களூர் வரைக்கும் போயிருக்கிறாய்.

அதனால்தான் இந்த முறை எனக்கு நடந்ததை உனக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். நீ கூடத்தான் இருந்தாய், ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குத் தெரியாத விஷயம் கட்டிலில் கிடந்தவனுக்குத் தெரியும். அதோடு முதல் நாள் நீ வந்து சேர்ந்திருக்கவில்லை.

நான் எப்படி விழுந்தேன் என்று உன்னிடம் சொன்னது பொய். கால் தடுக்கியது என்றேன். நிஜம் இதுதான். பக்கத்துக் குடைக்கடை சுகுமாரன் தினமும் சாயங்காலம் டீக்கு நம் கடைக்கு வருவான், தெரியுமே. பாட்டு முனகிக்கொண்டே வருவான். அவனைப் பயமுறுத்தலாம் என்று வெறும் சாக்கு ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மிளகாய் மூட்டை அடுக்குக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். தரையில் சிறுபயறு சிந்திக் கிடந்ததைச் சாக்குக்குள் இருந்தவன் எப்படிப் பார்ப்பான்? ஒரு கால் முன்னே போனது, நான் பின்னே போனேன். சுகுமாரன் வந்து பார்க்கும்போது சாக்குக்குள்ளே கிடந்து முனகுகிறேன்.

"எழுந்நேக்கு அண்ணாச்சி, களிக்கல்லே" என்றான்.

"விளையாட்டு இல்ல ஓய். காலு போயி. சத்தியமா போயி."

"ஓ, போன மாசம் நெஞ்சுவலின்னு சொல்லித்தானே என்ன ஓட விட்டது. இப்ப காலா?" என்று சொல்லிச் சிரித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டீ ஆற்ற ஆரம்பித்துவிட்டான். எழுந்து ஓட முடிகிற எந்த மனிதனையும் அந்தச் சிரிப்பு எழுப்பியிருக்கும். நான் எழுந்திருக்கவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் அவன் முகம் மாறியது. வாழ்நாள் முழுக்க ஊரை ஏமாற்றினவனுக்கு, நிஜமாக வலிக்கும்போது நம்ப ஆளில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் போட்டோ எடுத்துப் பார்த்துவிட்டு இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, நாளைக்கு ஆபரேஷன் என்றார்கள். அந்த வலியை உனக்கு எப்படிச் சொல்ல? ஸ்டிரெச்சரை ஒரு விரல் நகர்த்தினால் போதும், பல்லிலிருந்து குதிகால் வரை மின்சாரம் ஓடும். நான் பழைய ஞாபகத்தில், கத்தினால்தானே ஊசி வரும் என்று தொண்டையைக் கனைத்துத் தயாராகிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு சின்னப் பெண் வந்தாள். மயக்க டாக்டராம். நம் பிள்ளைக்கு அக்காள் மாதிரி இருந்தாள், வந்ததும் என்னைத் தாத்தா முறை வைத்துத்தான் கூப்பிட்டாள். கூடவே சக்கரம் வைத்த ஒரு டிவி மாதிரி மெஷின்.

"அப்பூப்பா, கத்த வேண்டாம். ஒரு சின்ன குத்து. அது கழிஞ்ஞா காலு சண்டை போடாது" என்றாள்.

"ஆபரேஷன் நாளைக்குத்தானே மோளே, இன்னிக்கே மயக்கவா?"

"மயக்குறது அப்பூப்பன இல்ல. காலுக்குப் போற நரம்ப மட்டும். அப்பூப்பன் முழிச்சிருந்து அம்மூமயோட சண்டை போடலாம்."

தொடை ஆரம்பிக்கிற இடத்தில் மெஷினின் கைப்பிடியை வைத்து அழுத்தினாள். திரையில் சாம்பல் நிறத்தில் என்னவோ ஆறு ஓடுகிற மாதிரி தெரிந்தது. அதுதான் என் உள்ளேயாம். ஊசி உள்ளே போவதை நானே திரையில் பார்த்தேன் மக்கா, வெள்ளைக் கோடாக, நிலவு வெளிச்சத்தில் நூல் போகிற மாதிரி. மருந்து போய்ப் பரவியதும் அந்த ஆறு அகலமானது. அப்புறம் நான் சுகுமாரனைத் திட்டிக்கொண்டிருந்தேன், உன் அம்மை என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள், பாதித் திட்டில் நான் நிறுத்திவிட்டேன். என்னவோ காணாமல் போயிருந்தது. கடையில் மாவு மெஷின் நாள் முழுக்க ஓடும், நமக்குச் சத்தமே தெரியாது, கரண்டு போனதும்தான் அடடா இவ்வளவு சத்தமாகவா இருந்தது என்று தெரியுமே, அந்த மாதிரி. கால் இருந்தது. எலும்பு முறிந்துதான் இருந்தது. வலி மட்டும் அதை விட்டு எழுந்து போயிருந்தது. என் கால் பக்கத்துக் கட்டில்காரனின் கால் மாதிரி சாதுவாகக் கிடந்தது.

உன் அம்மை பயந்துவிட்டாள். "என்ன, பேச்சக் காணோம்? இஞ்ச பாருங்க, என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. அதான் ஆச்சரியமா இருக்கு."

நான் அழுதேன். மிளகாய்க்கடைக்காரன் அழுதால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள், அது எனக்கு எப்போதுமே ஒரு வசதி. பக்கத்தில் நின்ற சுகுமாரன்கூட என் சட்டையிலிருந்து நெடி வருகிறது என்றுதான் நினைத்தான்.

மறுநாள் நீ வந்தாய், ஆபரேஷனும் முடிந்தது. முதுகில் ஊசி போட்டார்கள், பாதி விழிப்பில் உள்ளே தச்சுவேலை நடக்கிற சத்தம் கேட்டது, எனக்கு ஒன்றுமில்லை. வெளியே வந்த பிறகு பார்த்தால் ஒரு பட்டாளமே வேலை செய்கிறது. நரம்புக்குப் பக்கத்தில் நூல் மாதிரி ஒரு குழாயை விட்டிருக்கிறார்கள், அதில் மருந்து சொட்டுச் சொட்டாகப் போகிறது. கையில் வேறொரு மருந்து, சாதாரணக் காய்ச்சலுக்குப் போடுகிற அதே மருந்துதான், ஆனால் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரத்துக்கு நேரம் ஏற்றுகிறார்கள். இடுப்பில் ஐஸ் பை. காலுக்கு நடுவில் தலையணை. பலமான ஊசி ஒன்றும் உண்டு, அது தேவைப்பட்டால் மட்டும், ரொம்பக் கொஞ்சம். எல்லாருக்கும் கொடுக்கிற ஒரு மாத்திரையை எனக்குக் கொடுக்கவில்லை, கிட்னிக்கு ஆகாதாம். இத்தனையும் எதற்கு, நல்லதாக ஒன்றைப் பார்த்துப் பலமாகக் கொடுத்தால் முடிந்ததே என்று அந்த டாக்டர்ப் பெண்ணை வம்புக்கு இழுத்தேன்.

"ஒரே மருந்த வாரிக் கொடுத்தா வேதனையும் போவும், கூட அப்பூப்பனும் போவும்" என்றாள். "வேதனை ஒரே வழியில வரல்ல. முறிஞ்ச இடத்துல ஒரு வழி, நரம்புல ஒரு வழி, முதுகுல, தலையில. ஒவ்வொரு வழியிலயும் கொஞ்சம் கொஞ்சம் தடுத்தா போதும். ஒவ்வொண்ணும் கொறச்சுதான், அதனால ஒண்ணும் உபத்திரவம் செய்யாது."

"பொங்காலை அன்னிக்குப் போலீஸ் செய்யிற மாதிரி" என்றேன்.

அவள் யோசித்துவிட்டு, "அதே, அதே!" என்று கைதட்டினாள். உனக்கும் தெரியுமே. ஆற்றுக்கால் கோயில் பொங்காலை அன்றைக்கு ஊரே அடுப்பும் கூட்டமுமாக இருக்கும்போது, கிழக்கேகோட்டையில் மட்டும் நின்று எல்லா வண்டியையும் நிறுத்த ஒரு போலீஸ்காரனால் முடியுமா? அடித்துத் தூக்கிவிடும். கரமனையில் கொஞ்சம் திருப்புவான், அட்டக்குளங்கரையில் கொஞ்சம், தம்பானூரில் கொஞ்சம். கோட்டை வாசலுக்கு வருவதற்குள் கூட்டமாக இருந்தது காற்றாகிவிடும். என் உடம்புக்குள் அப்படி ஒரு பொங்காலை நாள் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அவர்கள் மேல் வந்த பிரமிப்பைச் சொல்லத் தெரியவில்லை. கடவுள் உடம்பைச் செய்தது பெரிய காரியம்தான். அந்த உடம்புக்குள் வலி எந்தச் சந்தில் திரும்பும் என்று தேடிப் போய் அங்கங்கே ஒரு ஆளை நிறுத்தினானே மனிதன், அதையும் நான் அதே வரிசையில்தான் வைப்பேன்.

இந்த நல்ல ஏற்பாட்டைக் கெடுத்தது நான்தான். அதை நீயும் பார்த்தாய், ஆனால் உள்ளே என்ன ஓடியது என்று உனக்குத் தெரியாது. நர்ஸ் வந்து கேட்டாள்: "அப்பூப்பா, வேதனை எத்ர? ஒண்ணும் இல்லன்னா பூஜ்யம், சகிக்கவே முடியலன்னா பத்து."

நீயே சொல், சாலைக் கடைத்தெருவில் இத்தனை காலம் வியாபாரம் செய்தவனிடம் வந்து இப்படிக் கேட்கலாமா? எனக்கு நிஜத்தில் மூன்று. ஆனால் மூன்று என்றால் அவள் ஒன்றரைக்குத்தானே தருவாள்? எட்டு சொன்னால் பாதியாகக் குறைத்து நாலுக்குத் தருவாள், நமக்கு ஒன்று லாபம். கடையில் வாய் தானாகச் சொல்லுமே, அந்த மாதிரி சொல்லிவிட்டேன்: "எட்டு."

அவள் குறைக்கவே இல்லை! எட்டு என்று அப்படியே எடுத்துக்கொண்டு போனாள். பேரம் பேசாமல் சரக்கு எடுக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டு அந்தப் பலமான ஊசியைக் கொஞ்சம் போட்டாள். சுகமாக இருந்தது. திரும்ப வந்து கேட்டாள். சரி, ஒன்று இறங்கி வருவோம் என்று "ஏழு" என்றேன். மறுபடியும் ஊசி. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை, அவள் என் வாயை நம்பினாள். அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. பட்டப்பகலில் நான் கடலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன், மேலே எங்கேயோ உன் அம்மை என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பதில் சொல்லலாம் என்று இருக்கும், அப்புறம் எதற்கு என்று இருக்கும். நீதான் ஓடிப்போய் ஆளைக் கூட்டி வந்தாயாம். மூச்சு மெதுவாகிவிட்டதாம். அந்த டாக்டர்ப் பெண் என் தோளைப் பிடித்து உலுக்கி, "அப்பூப்பா, மூச்சு எடுங்க, இன்னும் எடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தது எனக்கு எங்கிருந்தோ வருகிற கோயில் மைக் மாதிரி கேட்டது. மூக்கில் காற்றுக் குழாய் வைத்து, பக்கத்திலேயே நின்று என்னை மேலே ஏற்றிவிட்டார்கள். கண்ணைத் திறந்தபோது உன் முகம் தெரிந்தது. நீ ரெண்டாம் வகுப்பில் இருந்தபோது வராந்தாவில் இருந்த அதே முகம்தான். நரை மட்டும் புதுசு.

பயந்தவன் என்ன செய்வான்? அடுத்த நாள் நர்ஸ் வந்து கேட்டதும் சட்டென்று "பூஜ்யம்" என்றேன். சரக்கே வேண்டாம், கடையைச் சாத்திக்கொள்கிறேன் என்கிற மாதிரி. அப்போது உள்ளபடி ஆறு இருக்கும். குழாயைக் கொஞ்சம் குறைத்தார்கள். நடக்க வைக்கிற பையன் வந்து கைத்தாங்கலாக எழுப்பினான். கட்டிலிலிருந்து கால் கீழே இறங்கியதும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை நோயாளி மணியடித்தான். டாக்டர் வந்துவிட்டாள். நேற்று எட்டு, இன்றைக்குப் பூஜ்யம், பூஜ்யக்காரன் இப்படிக் கத்துகிறான், என்ன இது என்று அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்போது நீ வாயைத் திறந்தாய்.

"டாக்டர், எங்க அப்பாவுக்கு வெல பேசிப் பழக்கம். அவர் சொல்றது ஒண்ணும் உள்ள வெல இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். உன் அம்மை தலையில் அடித்துக்கொண்டு, "அய்யோ, இஞ்சயுமா!" என்றாள். அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்து முடித்துவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அப்பூப்பா, இது சாலக் கடையில்ல. இங்க ஃபிக்ஸட் ரேட். எங்க மெஷின்ல ஹார்ட்டு தெரியும், மூச்சு தெரியும், வேதனை தெரியாது. அது அப்பூப்பன் வாயில மட்டும்தான் உண்டு. இவ்வளவு மருந்தும் அந்த ஒரு வாய நம்பித்தான் ஓடுது."

மக்கா, இத்தனை மெஷினும் திரையும் குழாயும் வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு மிளகாய்க்கடைக்காரன் உண்மை சொல்வானா என்று காத்துக்கொண்டு நிற்கிறார்கள். என்னை யாரும் அவ்வளவு நம்பினதில்லை. சுகுமாரன்கூட நம்பவில்லை, பார்த்தாயே. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. "ஆறு" என்றேன். "படுத்தா மூணு, இறங்கினா ஆறு." வாழ்க்கையில் முதல் தடவையாக முதல் விலையிலேயே உள்ளதைச் சொன்னேன், நாக்கு கூசியது.

அப்போது நடந்ததுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. அவள் எழுந்திருக்கும்போது நீ தலையணையை எனக்கு முட்டுக்கொடுக்கக் குனிந்தாய். வலது கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, இடது கைக்கு மாற்றினாய். முகத்தில் ஒரு சுருக்கம் வந்து போனது. அந்தப் பெண் கண்ணில் பட்டுவிட்டது.

"மோன்ட தோளுக்கு என்ன? பத்தில் எத்ர?"

நீ சிரித்துக்கொண்டே, "ஓ, அது ஒண்ணோ ரெண்டோ" என்றாய்.

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் உன்னைப் பார்த்தேன். அடப் பாவி, நான் ஏற்றிச் சொன்னேன், நீ இறக்கிச் சொல்கிறாய். கடையை வேண்டாம் என்று ஓடிப்போய்க் கம்ப்யூட்டர் படித்தாயே, ரத்தம் விடவில்லை பார்த்தாயா!

உன் பையைத் தொடாதே என்று நீ சொன்னாய்தான். நீ டீ வாங்கப் போனபோது நான் உன் அம்மையை எடுக்கச் சொன்னேன். அதில் வலி மாத்திரை அட்டைகள் ரெண்டு, வேறு வேறு பேரில் இருந்தன. ரெண்டையும் டாக்டர்ப் பெண்ணிடம் காட்டினேன். ரெண்டும் ஒரே மருந்துதானாம், கம்பெனி பேர்தான் வேறயாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே மிளகாயை ரெண்டு சாக்கில் கட்டி ரெண்டு பேர் எழுதுகிற வித்தையை நாங்கள் செய்வோம், அதில் ஏமாந்தவன் நம் கடைப் பையனாகவே இருக்கிறான். ஆனால் அவள் சிரிக்கவில்லை. பல மருந்தைச் சேர்ப்பது என்றால் கடையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்து விழுங்குவது இல்லை, எது எதோடு சேரும், யாருக்கு எது ஆகாது என்று பார்த்துத்தான் சேர்க்கணும், இப்படித் தின்றால் வயிறும் போகும் கிட்னியும் போகும், தோள் மட்டும் அப்படியே கெட்டுக் கிடக்கும் என்றாள். உனக்குக் காரம் போட்டால் வயிறு எரிகிறது என்று உன் அம்மை தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தாளே, காரம் இல்லையடா அது. மிளகாய் மேல் வீண்பழி போட்டாய். நான் அதைத்தான் மன்னிக்க மாட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் மருந்தை எல்லாம் திரும்பச் சரிபார்த்து, நான் சொன்ன ஆறுக்குத் தகுந்த மாதிரி, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் கூட்டி, எழுப்புகிற நேரத்துக்கு முன்னாலேயே வேலை செய்கிற மாதிரி கொடுத்தார்கள். நடக்க வைக்கிற பையன் மறுபடி வந்தான், பயந்து பயந்துதான் வந்தான். நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டேன். நீ ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். எலும்பு முறிந்து முழுதாய் நாலு நாள்கூட ஆகவில்லை, நான் நின்றேன் மக்கா. என் சொந்தக் காலில். வலி இல்லையென்று சொல்ல மாட்டேன், இருந்தது, ஓரமாக, கூப்பிட்டால்தான் வருவேன் என்று வாசலில் நிற்கிற ஆள் மாதிரி இருந்தது. ஜன்னல் வரைக்கும் போனேன். வெளியே தென்னை மரம், ஒரு ஆட்டோ, லாட்டரி விற்கிறவன், அவ்வளவுதான். அதைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. குடலிறக்கத்துக்கு அப்புறம் நான் வாரக்கணக்கில் கூனிக்கொண்டு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அதே உடம்பு, வயசு ரெண்டு மடங்கு, சேட்டை மட்டும் குறையவில்லை, அது நிமிர்ந்து நின்று ஜன்னலில் லாட்டரிக்காரனைப் பார்க்கிறது. நீ என் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ நம்பாத மாதிரி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாய். இப்போது நினைத்துப் பார்க்கிறேன், பையன்தான் பார்த்துவிட்டானே, பழைய சத்தம் அன்றைக்கே அவன் காதை விட்டு இறங்கியிருக்க வேண்டுமே என்று.

ஆனால் நீ ஆபரேஷனுக்கு நாள் குறிக்காமல்தான் போனாய்.

சொன்னால் கோபப்படாதே. உனக்கு நான் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. தோள் ஆபரேஷன் வலிக்காது என்று நான் சொன்னால் அதுவும் ஒரு வியாபாரம்தான். தோள் வலிக்குமாம், முதல் ரெண்டு மூன்று நாள் நன்றாகவே வலிக்கலாமாம், நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். ஆனால் அதற்கும் நரம்பில் போடுகிற ஊசி உண்டாம், கழுத்துக்குப் பக்கத்தில், கை முழுக்கத் தூங்கிப்போகுமாம். ஊசி இறங்கும்போது வலி ஒரேயடியாக வந்து விழாமல் இருக்க அதற்கு முன்னாலேயே மற்ற மருந்தை ஆரம்பிப்பார்களாம். ஐஸ் உண்டு, சாய்ந்து தூங்க ஏற்பாடு உண்டு, கையைத் தொட்டிலில் போட்ட மாதிரி கட்டுவார்கள். ஒரு வழியை விட்டாலும் இன்னொரு வழியில் ஆள் நிற்பான். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். முதல் நாளே மயக்க டாக்டரிடம், எனக்கு ஊசிக்குப் பயம், சின்ன வயசில் அப்பன் கத்தினதைக் கேட்டுப் பயந்தவன், இதுவரைக்கும் இந்த இந்த மாத்திரை தின்றிருக்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொல். ஆம்பிளை அப்படிச் சொல்லலாமா என்று யோசிக்காதே. ஆண்டு மலரில் வரத்தான் போகிறது, இனி யோசித்து என்ன பிரயோஜனம்?

நான் வருகிறேன். இப்போது கடை வரைக்கும் வாக்கரில் போகிறேன். சுகுமாரன் கிழவா நடை பழகுகிறாயா என்று கேலி செய்கிறான், நான் அவன் குடையை எடுத்து ஊன்றுகிறேன். டிக்கெட் எடுத்தால் நானும் உன் அம்மையும் ரயிலில் வந்துவிடுவோம். நீ கட்டிலில் கிடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து உன்னைக் கிண்டல் செய்ய எனக்கும் ஒரு ஆசை இருக்காதா? நீ கோயில் ஆராட்டு ஊர்வலம் பார்த்ததெல்லாம் என் தோளில் உட்கார்ந்துதான். யானை தெரியவில்லை, யானை தெரியவில்லை என்று என் காதைத் திருகுவாய். உன் மகள் போன முறை வந்தபோது உன் கழுத்தைப் பிடித்து ஏறப் பார்த்தாள், நீ அப்பாவுக்கு வேலை இருக்கிறது என்று நழுவினாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கம் போல் ஒளிந்துதான் நின்றேன். இந்த முறை யாரையும் பயமுறுத்தத் தோன்றவில்லை.

உன் நம்பரை எனக்கு எழுது. மலையாளத்தில் எழுது, இங்கிலீஷில் எழுது, எப்படியும் எழுது. ஒன்றோ ரெண்டோ என்று இறக்காதே. என்னுடையதை முதலில் நான் சொல்கிறேன். இடுப்பு, உட்கார்ந்தால் ஒன்று, நடந்தால் மூன்று, இது உள்ள விலை. அப்புறம் நீ கிளம்பிய அன்று காலையில் ஆட்டோ வந்து நின்றதே, நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேனே. வலது கையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு பெரிய பையை இடது கையால் இழுத்து இழுத்து ஏற்றினாய். ஏறி உட்கார்ந்து அந்த இடது கையையே அசைத்துக் காட்டினாய். அது ஒன்பது, மக்கா. ஏற்றிச் சொல்லவில்லை.

இனி நீ சொல்.

உன் அப்பன்